சாவியை அணைத்து மீண்டும் போடவும்

ஜூலை 14, திங்கட்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். மாடிப்படிச் சுவரில் வைத்திருக்கும் கண்ணாடிப் புட்டியில் இரவு பெய்த மழையை அளந்தேன், நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். ஐந்து நாற்பதுக்குப் பால் விடாத கட்டன் சாயா. ஆறு மணிக்கு ஜெபம். ஆறரைக்கு, நான்கு நாளாகக் காயாத துணிகளை வெளிக்கொடியிலிருந்து உள்கொடிக்கு மாற்றினேன். எட்டு மணிக்கு இரண்டு தோசை, நேற்றைய குழம்பு. ஒன்பதே முக்காலுக்கு மேரி அழைத்தாள். என் மனைவி, குவைத்தில் நர்ஸ், பதினேழு வருஷமாக. இரவு வேலை முடிந்து அறைக்குப் போகும் வழியில் பேசுவாள். வழக்கமாக ஆறு நிமிடம். இன்று நான்கு. சாப்பிட்டாயா என்று அவள் கேட்டாள், நானும் அதையே கேட்டேன். மழையா என்றாள். மழை என்றேன்.

பத்தரைக்கு மறுபடி போன் அடித்தது. சுமதி. வண்டிப்பெரியாரில் நான் வேலை பார்த்த மோட்டார் சைக்கிள் ஷோரூமில் இப்போது சர்வீஸ் சூப்பர்வைசர். நான் விட்டுவந்த நாற்காலியில் இருப்பவள்.

"அண்ணே, காது எப்படி இருக்கு?"

"வலது காது நல்லா இருக்கு. அதுலதான் நீ பேசிட்டிருக்க."

சிரித்தாள். "ஒரு உபகாரம் வேணும். புதுசா வந்த பயலுக டெலிவரி குடுக்கும்போது ஆளுக்கொண்ணு சொல்லுதானுக. ஒருத்தன் ஸ்டார்ட் பண்ணும்போது லேசா ஆக்ஸிலேட்டர் குடுங்கன்னு கஸ்டமருக்கு வகுப்பு எடுக்கான். கேட்டா, எங்கப்பா வண்டிய அப்படித்தான் எடுப்பாருங்கான். நீங்க சொல்லுற வரிசையிலயே ஒரு பக்கம் எழுதித் தாங்க. லேமினேட் பண்ணி மாட்டிருதேன்."

"ஏழு வரி. பெரிய எழுத்தா எழுதுனா ஒரு பக்கம் சரியா இருக்கும்."

"ஏழா? உங்க கூட எட்டு வருஷம் நின்னிருக்கேன். ஆறுதான கேட்டிருக்கேன்."

"எழுதிக் கொண்டுவாரேன்" என்று வைத்துவிட்டேன்.

பதினோரு மணிக்குத் தாளை எடுத்து வைத்தேன். ஆறு வரிகள் எழுதப் பத்து நிமிடம் ஆயிற்று. ஏழாவது வரிக்கு மாலை மூன்று மணி வரை ஆயிற்று. இடையில் எழுந்து மூன்று வருஷத்துக்கு முந்தைய டைரியை எடுத்துவந்தேன். அது ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ. இரண்டு வருஷம், தேனியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மூன்று வருஷம், பிறகு வண்டிப்பெரியார். என் பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினேன். காதால் கேட்டு டியூன் செய்தேன். இந்த மலையில் காலைக் குளிரில் ஒரு வண்டியை எடுப்பது ஒரு சடங்கு போல இருக்கும். சோக்கை இழுக்க வேண்டும், இரண்டு உதை சும்மா உதைக்க வேண்டும், பிறகு சாவி, பிறகு கொஞ்சம் ஆக்ஸிலேட்டர், பிறகு நிஜமான உதை. ஒவ்வொருவருக்கும் ஒரு முறை. ஒருவர் டாங்கைத் தட்டுவார். ஒருவர் வண்டியை இடப்பக்கம் சாய்த்து நிமிர்த்துவார். எல்லாம் ஏதோ ஒரு நாள் வேலை செய்ததால் வழக்கமானவை.

2020இல் எல்லாம் மாறியது. இன்ஜெக்‌ஷன் வண்டிகள் வந்தன. கொச்சியில் இரண்டு நாள் வகுப்பு. திரும்பி வந்ததும் எங்கள் மேனேஜர் குரியன் சார் என்னைக் கூப்பிட்டு, "ஞானராஜே, இனி மெக்கானிக் பணி மாத்திரம் போரா. ஆளுகளுக்குப் படிப்பிக்கணும். டெலிவரி நீ பண்ணு" என்றார். அவர் கோட்டயத்துக்காரர், போரா என்றால் போதாது. எங்களிடம் தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஒன்று பேசுவார். எங்களுக்கு அது போதும்.

அன்று முதல் ஒவ்வொரு புது வண்டியின் பக்கத்திலும் நின்று நான் ஆறு வரிகளைச் சொன்னேன். சைடு ஸ்டாண்டை எடுங்கள். அது கீழே இருந்தால் கியர் போட்டதும் இன்ஜின் நிற்கும். வலது கைப்பிடியிலுள்ள சிவப்பு சுவிட்ச் ஓடும் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். நியூட்ரலில் வைத்துச் சாவியைப் போடுங்கள். சாவி போட்டதும் கையை எடுத்துவிட்டுக் கேளுங்கள்: டாங்குக்குள் பம்ப் இரண்டு மூன்று நொடி உறுமி நிற்கும், மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்து அணையும். அது வரைக்கும் பட்டனைத் தொடக் கூடாது. பிறகு ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் பட்டனை அழுத்துங்கள். ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம், எடுக்கவில்லை என்றால் பத்து நொடி பொறுத்து மறுபடி. எடுத்த பிறகு முறுக்க வேண்டாம். குளிருக்குத் தக்கபடி அதுவே கொஞ்சம் வேகமாக ஓடும், சூடானதும் அதுவே தணியும்.

இதில் எதற்கும் கையால் செய்ய வேண்டியது அதிகமில்லை. அதுதான் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் வண்டியைச் சுற்றி இரண்டு முறை வந்து, "சோக்கு எங்க சார்?" என்றார். சோக் கிடையாது என்றேன். "அப்போ சோக்குக்கு உண்டானதக் குறைச்சுத் தாங்க" என்றார். இன்னொருவர், "எல்லாத்தையும் அதுவே பண்ணும்னா நான் எதுக்கு, அதையே எஸ்டேட்டுக்குப் போயிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

பம்ப் சத்தம்தான் எனக்கு அடையாளம். முப்பது வருஷம் கம்ப்ரஸர் பக்கத்திலேயே நின்றதில் இடது காது போய்விட்டது. கடைசி வருஷத்தில் டாங்கில் காதை ஒட்டிவைத்தால்தான் கேட்டது. கஸ்டமர்கள் முன் அப்படிக் குனிவது நன்றாக இல்லை என்று ஐம்பத்து நான்கு வயதில் நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

குரியன் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டெலிவரிக்கு முன்னால் வெள்ளைக் கைக்குட்டையால் வண்டியின் சீட்டை ஒரு முறை துடைப்பார். கைக்குட்டையில் அழுக்கு தெரிந்தால் என்னிடம் காட்டமாட்டார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு தடவ துடைச்சோ" என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் பேசும்போது கஸ்டமருக்குப் பின்னால் நிற்பார், என் கண்ணுக்கு நேராக. பேச்சு நீண்டால் ஒரு விரலை உயர்த்துவார். அவ்வளவுதான்.

முதல் சில நாள் மட்டும் நான் ஏழு வரிகள் சொன்னேன். ஏழாவது இது: வண்டி சாய்ந்து விழுந்தால் இன்ஜின் தானாக நிற்கும், நிமிர்த்திய பிறகு சாவியை அணைத்து மீண்டும் போடவும், இல்லையென்றால் ஸ்டார்ட் ஆகாது. வண்டிக்குள் சாய்வை அறியும் சென்சார் ஒன்று இருக்கிறது. விழுந்த வண்டி ஓடிக்கொண்டே இருந்தால் ஆபத்து என்பதால் அது பெட்ரோலை நிறுத்தும். வண்டி நிமிர்ந்தாலும் அது மறக்காது. சாவியை அணைத்துப் போட்டால்தான் மறக்கும். ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது.

மூன்றாவது நாளே குரியன் சார் உள்ளே கூப்பிட்டார்.

"ஞானராஜே, அவர் குடும்பத்தோட வந்நிட்டுண்டு. டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சிட்டுண்டு. பாதிரியார் ஜெபம் சொல்லி தண்ணி தெளிச்சிட்டுப் போயிட்டு அஞ்சு நிமிஷம் ஆகல. அப்பப் போயி நீ, வண்டி வீழ்ந்நால்னு தொடங்குற. அந்த அம்மச்சி பயந்து நெத்தியில குரிசு வரச்சத நீ கண்டியா?"

"கண்டேன் சார். ஆனா அதச் சொல்லலேன்னா..."

"சொல்லணும். இப்பச் சொல்ல வேண்டா. ஃபர்ஸ்ட் சர்வீசுக்கு வரும்போ சொல்லு. ஒரு மாசம்தானே."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. எலுமிச்சம்பழம் நசுங்கும்போது விழுவதைப் பற்றிப் பேசும் ஒருவனை நானும் விரும்பமாட்டேன். எங்கள் ஊரில் யாரும் புது வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஆஸ்பத்திரி என்ற சொல்லைக்கூட எடுப்பதில்லை. ஏழாவது வரியை டெலிவரித் தாளிலிருந்து முதல் சர்வீஸ் தாளுக்கு மாற்றினேன். எதிரே ஒரு கட்டம். சொல்லி முடித்ததும் டிக். அந்த ஒரு மாத இடைவெளியில் விழுந்ததாக யாரும் வந்து சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் யாரும் சொல்லவில்லை. விழுந்தவர்களும் பதற்றத்தில் சாவியைப் பிடுங்கி மறுபடி போட்டிருப்பார்கள். யாருடைய கையும் முதலில் சாவிக்குத்தான் போகும்.

சூசையின் கை போகவில்லை.

சூசை ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேலே உள்ள ஒரு எஸ்டேட்டில் தேயிலை ஃபேக்டரியில் இலை சுருட்டும் ரோலர் ஓட்டியவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். இருபது வருஷம் ஒரே பழைய வண்டியை ஓட்டினார். அதை நான் பல முறை கழற்றி மாட்டியிருக்கிறேன். அந்த வண்டியின் சாவித் துவாரம் தேய்ந்துபோயிருந்தது. வழியில் ஒரு தடவை அணைத்தால் மறுபடி பிடிக்காது. ஆகவே வண்டி எங்கே நின்றாலும் அவர் சாவியைத் தொடமாட்டார். மாற்றித் தருகிறேன் என்று நானே சொல்லியிருக்கிறேன். "எதுக்கு சார், நான் தொடாம இருந்தா அது பாட்டுக்கு இருக்கும்" என்பார்.

மூன்று வருஷத்துக்கு முன் மே மாதக் கடைசியில் புது வண்டி எடுத்தார். மகள் எஸ்தர் கூட வந்தாள். தபாலில் படித்துப் பட்டம் வாங்கியவள், எஸ்டேட்டில் தற்காலிகக் கொழுந்து பறிப்பு. தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்று ஒரு அரசு வேலைக்குத் தேர்வு வரப்போகிறது என்று சூசைதான் சொன்னார். இந்த வேலைக்கு எப்போதாவது ஒரு தடவைதான் அழைப்பார்கள். வயது வரம்பில் எஸ்தருக்கு இதுவே கடைசி. தேர்வுக்குக் கொண்டுபோய் விடத்தான் வண்டி என்றார். அவள், "வண்டிக்குக் காரணம் வேணும்லா, என்மேல போடுதாரு" என்றாள். அப்பாவும் மகளும் ஒரே மாதிரி சிரித்தார்கள். நான் ஆறு வரிகளைச் சொன்னேன். சூசை ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். குரியன் சார் விரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை.

ஜூன் இரண்டாவது சனிக்கிழமை மதியம், ஒரு பிக்கப் ஜீப்பில் அந்த வண்டி ஷோரூமுக்கு வந்தது. கூடவே இருவரும் வந்தார்கள். எஸ்தர் நல்ல சேலை கட்டியிருந்தாள். முழங்கால் வரை சேறு. அவள் கையில் பிளாஸ்டிக் உறை, உள்ளே ஹால் டிக்கெட்.

நடந்ததை சூசை சொன்னார். காலை எட்டரைக்குக் கிளம்பினார்கள். எஸ்டேட் பாதை ஓடை வரைக்கும் இறக்கம், பாலம் தாண்டினால் இரண்டு கிலோமீட்டர் ஏற்றம், அதற்கப்புறம்தான் தார் ரோடு. மூடுபனி. பாலத்துக்கு முந்தைய வளைவில் சேற்றில் வழுக்கி வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. "மெதுவாத்தான் சார். நாங்க நின்னமேனிக்கு இறங்கிட்டோம். ஒரு கீறல் இல்ல." நிமிர்த்தி பட்டனை அழுத்தினார். சுற்றியது, எடுக்கவில்லை. சிவப்பு சுவிட்சை அணைத்துப் போட்டார். எடுக்கவில்லை. பாலத்தின் சமதளத்தில் எஸ்தர் தள்ள, இரண்டாம் கியரில் விட்டுப் பார்த்தார். ஆறு தடவை. எடுக்கவில்லை. எட்டு மணி ஜீப் போய்விட்டிருந்தது, அடுத்தது பத்தரைக்கு. நாற்பது நிமிடம் போராடிவிட்டு, வண்டியை அங்கேயே விட்டு ஏற்றத்தில் நடந்தார்கள். பிறகு ஒரு ஆட்டோ. பீருமேட்டில் அந்தப் பள்ளிக்கூடத்தை அடைந்தபோது வாசல் சாத்திப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

அவர் சொல்லும்போதே நான் வண்டியைப் பார்த்தேன். இடது கைப்பிடி முனையில் செம்மண். இடது ஃபுட்ரெஸ்ட் லேசாக மடங்கியிருந்தது. ஜீப் டிரைவர் வண்டியை ஏற்றும்போது, சூசை வண்டியிலேயே விட்டிருந்த சாவியை எடுத்துத் தன் பையில் வைத்திருந்தார், இப்போது கொடுத்தார். நான் சாவியைப் போட்டேன். பம்ப் உறுமி நின்றது. மஞ்சள் விளக்கு அணைந்தது. பட்டனைத் தொட்டதும் எடுத்துவிட்டது.

மூவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

"எடுக்குதே" என்றாள் எஸ்தர். அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, வண்டியைப் பார்த்துச் சொன்னாள்.

குரியன் சார் அன்று விடுமுறை. யாரும் எனக்கு எதிரில் நின்று விரலை உயர்த்தவில்லை. அதை இங்கே தெளிவாக எழுத வேண்டும், ஏனென்றால் பிறகு பல நாள் நான் பழியை அவர்மேல் போட்டுப் பார்த்தேன். அந்த நிமிடத்தில் சொல்ல என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. சாவியை அணைத்துப் போட்டிருந்தால் எடுத்திருக்கும், அதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. நான் சொன்னது வேறு.

"அண்ணே, ஸ்டார்ட் பண்ணும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்குனீங்களா?"

"முறுக்கியிருப்பேன் சார். பழைய பழக்கம்லா."

"முழுசா முறுக்கிப் பிடிச்சுட்டு பட்டனை அழுத்துனா இது பெட்ரோலை நிறுத்திரும். அதான் அன்னைக்கே தொடாதீங்கன்னு சொன்னேன்."

அது பொய்யில்லை. சில சமயம் அப்படியும் நடக்கும். ஆனால் ஒரு தடவை முறுக்கியதற்காக நாற்பது நிமிடம் எடுக்காமல் இருக்காது. அது எனக்குத் தெரியும், சூசைக்குத் தெரியாது. அவர் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு, "சொன்னிய சார். சொல்லத்தான் செஞ்சிய" என்றார். எஸ்தரும் அந்தக் கையைத்தான் பார்த்தாள். ஹால் டிக்கெட்டை நான்காக மடித்து பிளவுஸுக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய் பஸ் ஸ்டாப்பில் தனியாக நின்றாள்.

டைரியில் அன்றைய பக்கத்தில், மழை அளவுக்குக் கீழே இப்படி இருக்கிறது: "சூசை வண்டி. சாய்வு. சாவி போட்டதும் ஓடியது. சொல்லவில்லை." ஜாப் கார்டில் நான் எழுதியது: "கோளாறு எதுவும் இல்லை."

மூன்று வாரம் கழித்து முதல் சர்வீஸுக்கு வண்டியை எஸ்தர் கொண்டுவந்தாள். தானே ஓட்டிக்கொண்டு. பதினைந்து நாளில் கற்றிருக்கிறாள். "அப்பா வரலையா?" என்றேன். "அவரு இனிமே ஓட்டமாட்டாரு" என்றாள். முடிந்த விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள். சர்வீஸ் முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவளுக்குப் பக்கத்துக் கடையிலிருந்து சாயாவும் ஒரு பருப்பு வடையும் வாங்கிக் கொடுத்தேன். எந்தக் கஸ்டமருக்கும் நான் அப்படிச் செய்ததில்லை. பிறகு தாளை எடுத்தேன். ஏழாவது வரியின் கட்டம் காலியாக இருந்தது. சொல்ல வேண்டிய இடம் அது. முறைப்படியே அன்றுதான் சொல்ல வேண்டும். சொன்னால், அவள் கெட்டிக்காரி, வாசலைத் தாண்டும் முன் கணக்குப் போட்டுவிடுவாள்.

டிக் போட்டுக் கையெழுத்து வாங்கினேன். என் வேலைக்காலத்தில் நான் சொல்லாமல் போட்ட டிக் அது ஒன்றுதான்.

ஒரு வருஷம் கழித்து வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டில் சூசையைப் பார்த்தேன். கையில் மருந்துச் சீட்டு. இரண்டு மணி நேரமாக பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்றார்.

"மகள் கொண்டுவந்து விடமாட்டாளா?"

"கேட்டா விடுவா. நான் கேக்கதில்ல." பிறகு தானாகவே சொன்னார்: "பேசுவா சார். பேசாம இல்ல. சோறு இருக்குன்னு சொல்லுவா, மாத்திரை இருக்குன்னு சொல்லுவா. அப்பான்னு கூப்பிட்டுப் பேசமாட்டா. என் கைதான சார் கெடுத்துச்சு. அவள என்ன சொல்ல."

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். பஸ் வந்தது. அவர் ஓடிப்போய் ஏறி, ஜன்னலோர இடம் பிடித்த மகிழ்ச்சியில் எனக்குக் கை காட்டினார். அந்த வலது கைதான்.

மேரியிடமும் நான் இதைச் சொல்லவில்லை. ஆறு நிமிடத்தில் சொல்லக்கூடியதுதான். எங்கிருந்து தொடங்குவது என்று யோசிப்பதற்குள் அவள் அறை வந்துவிடும். மாலை நேரங்களில் நான் அந்த வாக்கியத்தை வீட்டுக்குள் சத்தமாகச் சொல்லிப் பார்த்ததுண்டு. கேட்க ஆளில்லாத இடத்தில் அது சுலபமாக வருகிறது.

இன்று மாலை நான்கு மணிக்கு எழுதிய தாளை ஷோரூமில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுமதி நின்றபடியே வாசித்தாள். ஏழாவதில் நின்றாள்.

"இது ஃபர்ஸ்ட் சர்வீஸ்ல சொல்லுறதுல்லண்ணே?"

"இனிமே டெலிவரி அன்னைக்கே சொல்லணும்."

"எலுமிச்சம்பழம் வச்சு எடுக்கிற நேரத்துலயா? ஆளுக மூஞ்சி சுளிப்பாகண்ணே. புது வண்டிக்கு முன்னாடி நின்னு விழுவ விழுவன்னு சொன்னா எவன் கேப்பான்?"

"சுளிக்கட்டும். திட்டுனா என் பேரைச் சொல்லு. ஞானராஜுன்னு ஒரு கிறுக்கன் எழுதிவச்சுட்டுப் போயிட்டான்னு சொல்லு."

அவள் என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். "யாருக்கும் என்னமும் ஆயிருச்சாண்ணே?" என்றாள்.

"அதை முதல்ல அவங்ககிட்ட சொல்லணும். அப்புறம் உன்கிட்ட சொல்லுதேன்."

நாளைக் காலை எஸ்டேட்டுக்கு முதல் ஜீப் எத்தனை மணிக்கு என்று ஸ்டாண்டில் கேட்டுவிட்டு வந்தேன். ஆறேகால்.

ஜூலை 15, செவ்வாய். முதல் வேலையாக ஆறேகால் ஜீப்பில் ஏறினேன். ஆறு ஐம்பத்தைந்துக்கு லயத்துக்கு முன்னால் இறங்கினேன். வரிசை வீடுகளில் ஐந்தாவது அவர்களுடையது. எஸ்டேட்டில் ஏழரைக்குப் பெரட்டு. மணி அடித்ததும் ஆட்கள் கூடிப் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் பிரிந்து போக வேண்டும். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பது என் கணக்கு. வாசல் தாழ்வாரத்தில் ஸ்டூல் போட்டு சூசை ஸ்வெட்டரும் குல்லாவுமாக உட்கார்ந்திருந்தார். எஸ்தர் இடுப்பில் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரு, ஷோரூம் சாரா? என்ன சார், இம்புட்டுத் தூரம் மழையில?"

"ரெண்டு பேர்கிட்டயும் ஒரு விஷயம் சொல்லணும்ணே."

"வண்டி நல்லாத்தான் ஓடுது" என்றாள் எஸ்தர். "சர்வீசு அடுத்த மாசம்லா."

"தேர்வு அன்னைக்கு நடந்ததைப் பத்தி" என்றேன்.

அவள் கைகள் முடிச்சில் நின்றன. நான் குடையை மடக்காமல், முற்றத்தில் நின்றபடியே சொன்னேன். வண்டி சாய்ந்தால் பெட்ரோலை நிறுத்தும் ஒரு சென்சார் உண்டு என்பது. நிமிர்த்திய பிறகு சாவியை அணைத்து மீண்டும் போட வேண்டும் என்பது. டெலிவரி அன்று அதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை என்பது. அன்று எடுக்காததற்கு அதுதான் காரணம், ஆக்ஸிலேட்டர் இல்லை, அண்ணனுடைய கை இல்லை என்பது. ஷோரூமில் நிற்கும்போதே எனக்கு அது தெரியும் என்பது. டெலிவரி வரிகளைப் போலவே வரிசையாக வந்தது.

சூசைதான் முதலில் பேசினார். "அணைச்சுப் போட எம்புட்டு நேரம் ஆகும் சார்?"

"மூணு செகண்டு."

"மூணு செகண்டு" என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார், அன்று ஆறு வரிகளையும் சொன்னது போல.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். "அன்னைக்கே தெரியும்?"

"தெரியும்."

"நான் முத சர்வீசுக்கு வந்தப்ப?"

"தெரியும்."

"சாயா வாங்கிக் குடுத்திய."

"ஆமா."

பக்கத்து வீட்டில் யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். கூரையிலிருந்து தண்ணீர் சூசையின் கால் பக்கம் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்தார். இத்தனை வருஷமாக என்னிடம் எப்படிப் பேசினாரோ அப்படியே, "சரி சார், நனையாதிய. உள்ள வாங்க, ஒரு வாய் சாயா குடிச்சுட்டுப் போலாம்" என்றார்.

"வேண்டாம்ப்பா" என்றாள் எஸ்தர். "அவரு போகட்டும்."

சூசை என்னைப் பார்க்கவில்லை. அவள் பக்கம் திரும்பி, சரியாகக் கேட்டோமா என்பது போல அவள் முகத்தைப் பார்த்தார். அவள் ஸ்டூலைச் சொட்டும் இடத்திலிருந்து நகர்த்தினாள். பிறகு அவர் கையைப் பிடித்து, "உள்ள வாங்கப்பா. காலெல்லாம் நனையுது" என்றாள். இருவரும் உள்ளே போனார்கள். கதவை அவள் சாத்தவில்லை. பாதி திறந்தே கிடந்தது.

ஏழரைக்குப் பெரட்டு மணி அடித்தது. மற்ற வீடுகளிலிருந்து ஆட்கள் என்னைத் தாண்டி நடந்தார்கள். எஸ்தர் வெளியே வரவில்லை. உள்ளே சூசை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், இடையிடையே அவளும். வார்த்தைகள் எனக்கு விளங்கவில்லை. எனக்கானவை அல்ல என்பதால் நான் திரும்பி, பாதையில் இறங்கினேன்.